விட்டுவிட்டு விக்கும் எஞ்சின்

அக்சிலேற்றரை மிதித்ததும் வேகம் எடுக்காமல் எஞ்சின் ஒரு கணம் தயங்கி, பிறகு திடுக்கென்று இழுப்பதே விக்கல். கராஜுக்கு வருகிறவர் இதை 'மிஸ் பண்ணுது' என்றும் சொல்வார், 'இழுவை இல்லை' என்றும் சொல்வார். மூன்றும் வேறு வேறு. மிஸ் பண்ணுவது என்றால் நான்கு சிலிண்டர்களில் ஒன்று இடையிடையே பற்றாமல் போவது. சைலன்சர் பக்கம் நின்று கேட்டால் தாளம் தப்புவது தெரியும். இழுவையில்லாத எஞ்சின் எந்நேரமும் சோர்ந்தே ஓடும்; தேய்ந்த பிஸ்ரன் வளையம், எரிந்த வால்வு போன்றவை அதற்குக் காரணமாகலாம். விக்கல் வரும், போகும். காலையில் இருந்தது மாலையில் இராது. மெக்கானிக்கின் முன்னால் நிறுத்தும்போது அநேகமாக இருப்பதேயில்லை.

இப்படி மறைந்து விளையாடும் குறைக்குப் பலர் செய்யும் வைத்தியம், சாமானை ஒவ்வொன்றாக மாற்றுவது. முதலில் பிளக், பிறகு கொயில், பிறகு காபரேற்றர் கழற்றிப் பூட்டுதல். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது குறையைத் தீர்த்தது என்று தெரியாமலே போகும். புதிதாக ஒரு குறையும் சேர்ந்துகொள்ளும். விக்கல் எந்த நேரத்தில், எந்த நிலையில் வருகிறது என்பதுதான் இதில் முதல் தடயம். கருவியைக் கையில் எடுக்குமுன் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற, காபரேற்றரும் பொயின்றும் உள்ள கார்களைப் பற்றியே இந்த அத்தியாயம் பெரிதும் பேசுகிறது. ஏ40 டெவன் 1947 முதல் 1952 வரையும், அதன்பின் வந்த சோமசெற் 1954 வரையும் பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்டவை. இரண்டுக்கும் 1200 சிசி எஞ்சின். இவற்றின் அமைப்பு எளியது. பொறுமையுள்ளவர் பெரிய கருவி எதுவுமின்றி வீட்டு முற்றத்திலேயே குறையைப் பிடித்துவிடலாம்.

எப்போது வருகிறது?

காருக்குள் ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் வைத்து, விக்கல் வரும் ஒவ்வொரு முறையும் எழுதிவர வேண்டும். எஞ்சின் சூடாக இருந்ததா, புறப்பட்டு எத்தனை கிலோமீற்றர், எந்த கியர், தாங்கியில் பெற்றோல் எவ்வளவு, மழையா வெயிலா, மிதித்தபோது வந்ததா ஒரே வேகத்தில் போகும்போது வந்ததா என்பவை போதும். ஓட்டுபவர் எழுத முடியாது. பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஒரு வாரத்தில் பத்துப் பதிவு சேர்ந்தால் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுச் சாவகச்சேரியை நெருங்கும்போதெல்லாம் வருமென்றால் சூட்டையோ தாங்கியின் காற்றுத் துளையையோ ஐயப்படலாம். ஐப்பசி மழையில் மட்டும் வந்தால் மின்கசிவு. தாங்கி கால்வாசிக்குக் கீழே இறங்கியபின் வந்தால் அடியில் தேங்கிய தண்ணீரும் துருவும்.

எஞ்சின் எப்படித் தளர்ந்தது என்பதையும் எழுத வேண்டும். தீப்பொறி போனால் வெட்டினாற்போல் நிற்கும். வந்தால் அதே வேகத்தில் திரும்பிவரும், சில வேளை சைலன்சரில் வெடிச்சத்தத்தோடு. பெற்றோல் போனால் மூச்சுத் திணறுவதுபோல் மெல்ல மெல்லச் சாகும். விக்கும் நேரத்திலேயே சோக்கை அரைவாசி இழுத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. இழுத்ததும் எஞ்சின் சீரானால் கலவையில் பெற்றோல் குறைகிறது என்று பொருள். இன்னும் மோசமானால் பெற்றோல் ஏற்கெனவே மிகுதியாகப் போகிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் தீப்பொறிப் பக்கம் திரும்ப வேண்டும்.

குடாநாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. நிலம் தட்டை. ஏற்றம் ஏறும்போது மட்டும் வெளிப்படும் குறை, இங்கே மாதக்கணக்கில் மறைந்திருந்து, கார் கண்டிக்கு ஏறும் நாளில் நடுவழியில் காலை வாரும். சுமையை இங்கேயே உண்டாக்கிப் பார்க்க முடியும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஆள்நடமாட்டமில்லாத நேரான றோட்டில் கடைசிக் கியரில் மணிக்கு முப்பது கிலோமீற்றர் அளவில் போய், அந்தக் கியரிலேயே அக்சிலேற்றரை முழுதாக மிதிக்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் படும் பாடு அதில் தெரிந்துவிடும். பலமான சோளகம் வீசும் நாளில் அந்தக் காற்றை எதிர்த்து ஓட்டினால் இன்னும் நல்லது.

முதல் இரவு

தடயம் சேர்ந்தபின் முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகளும் இரவுக்கு உரியவை.

பொழுது சாயும்போது, எஞ்சின் நன்றாக ஆறியபின், காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெற்றோலையும், முடிந்தால் தாங்கியின் அடி வடிகால் ஆணியைத் திறந்து அங்கிருந்து ஒரு கால் போத்தலையும், தெளிவான கண்ணாடிப் போத்தல்களில் பிடித்து மூடி, அசையாத இடத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் விளக்கோ, பீடியோ, அடுப்போ கூடாது. விடிந்ததும் போத்தலைக் குலுக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், நல்ல பெற்றோல் அடிவரை ஒரே தெளிவாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் கண்ணாடி மணிபோல் உருண்டு கிடக்கும். போத்தலைச் சரித்தால் பெற்றோலோடு கலவாமல் தனியே வழுக்கி ஓடும். துரு, செங்கல் தூள்போல் அடியில் படிந்திருக்கும். விரலால் தொட்டு உரசினால் நறநறக்கும். இரண்டில் ஒன்று கண்ணில் பட்டாலும் காபரேற்றரைக் குறைசொல்வதில் பயனில்லை. தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் வேறெதைச் செய்தாலும் குறை திரும்ப வரும்.

அதே இரவில், நன்றாக இருண்டபின், பெற்றோல் போத்தல்களைத் தூர வைத்துவிட்டு, பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, விளக்கெல்லாம் அணைத்துப் பார்ப்பது இரண்டாவது சோதனை. பிளக் வயர்களிலும் டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் நீலப்பொறி ஊர்ந்தால் அங்கே மின்சாரம் கசிகிறது. உலர்ந்த இரவில் ஒன்றும் தெரியாவிட்டால், கையால் தண்ணீரை மென்மையாகத் தெளித்துவிட்டுப் பார்க்கலாம். வயரைத் தொட்டுப் பார்க்க யாரும் முயலக் கூடாது. மூடியில் தலைமயிர் அளவு வெடிப்பு இருந்தால், அதன் வழியே பொறி ஓடி ஓடிப் பென்சில் கோடுபோல் ஒரு கரித்தடம் விழுந்திருக்கும். அதைச் சுரண்டித் துடைத்தால் சில நாள் தாக்குப்பிடிக்கும். மூடியை மாற்றுவதே சரி.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு நாளும் போய்வரும் கார்களுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். கடற்காற்றின் உப்பு மூடியின் மேலும் வயர்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. வெயிலில் அது உலர்ந்து கிடக்கும். வாடைக்காலத்து ஈரம் பட்டதும் மின்சாரத்துக்குப் பாதையாகும். கார் வெள்ளத்துக்குள்ளால் போகும்போது காற்றாடி அள்ளி வீசும் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். மாதம் ஒருமுறை மூடியையும் வயர்களையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் இந்தக் குறை வராது.

டிஸ்ரிபியூற்றருக்குள்ளே

விக்கல் என்றதும் கை காபரேற்றருக்குப் போவது வழக்கம். தொடங்க வேண்டிய இடம் டிஸ்ரிபியூற்றர். பொறிப் பக்கத்தில் உள்ளவை மலிவானவை, எளிதில் பார்க்கக் கூடியவை. அதோடு காபரேற்றர் குறைபோலவே நடிப்பவை.

பொயின்ற் முகங்கள் சாம்பல் நிறத்தில் ஒரே சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தால், அல்லது ஓடும்போது இடையில் பிரகாசமான பொறி பறந்தால், கொண்டென்சரை ஐயப்படலாம். இடைவெளி பிந்திய லூக்காஸ் வகைகளில் 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், முந்திய வகைகளில் அதைவிடச் சற்றுக் குறைவு என்பதால் காரின் கைநூலைப் பார்ப்பது நல்லது. பிளக் இடைவெளி 0.6 மில்லிமீற்றர் அளவு. கொண்டென்சர் சூட்டில் மட்டும் கைவிடக்கூடிய சாமான். அப்போது, குளிர்ந்தபின் சோதித்தால் நல்லதாகவே காட்டும். புதிதாக வாங்கியது என்பதற்காக அதை நம்பிவிடவும் கூடாது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பழைய கொண்டென்சர் ஒன்று காரில் எப்போதும் இருந்தால், வழியில் ஐந்து நிமிடத்தில் மாற்றிப் பார்த்துவிடலாம்.

அநேகர் பார்க்காமல் விடுவது, பொயின்றுக்குப் போகும் சிறு வயர். டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்ற் பூட்டியிருக்கும் தட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. காபரேற்றரிலிருந்து வரும் மெல்லிய குழாய் வழியே எஞ்சினின் உறிஞ்சல் இந்தத் தட்டைச் சில பாகை திருப்புகிறது. அக்சிலேற்றரை முழுதாக மிதித்ததும் உறிஞ்சல் குறைந்து தட்டு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு மிதியிலும் அந்தச் சிறு வயரும் தட்டை நிலத்தோடு இணைக்கும் பின்னல் வயரும் மடிந்து நிமிர்கின்றன. பல ஆண்டு மடிந்து நிமிர்ந்தால் மேலே உறை முழுதாக இருக்க, உள்ளே செப்புநூல் ஒவ்வொன்றாக அறுந்து கடைசியில் இரண்டு மூன்றே மிஞ்சும். தட்டு ஒரு பக்கம் நிற்கும்போது அந்த நூல்கள் தொடும். மறுபக்கம் திரும்பும் கணத்தில் விலகும். மிதித்தவுடன் விக்கல், பிறகு சீர். காபரேற்றர் குறையின் அச்சு அசல் அடையாளம் இது.

இதைப் பிடிக்க, மூடியையும் றோட்டரையும் கழற்றி, உறிஞ்சற் குழாயின் காபரேற்றர் முனையைக் கழற்றி, அதில் சுத்தமான ரப்பர்க் குழாய் ஒன்றை மாட்டி வாயால் உறிஞ்ச வேண்டும். தட்டு திரும்புவது கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தட்டைத் திருப்பும் சவ்வு கிழிந்திருக்கலாம். அதுவும் தயக்கத்துக்குக் காரணமாகலாம். தட்டு திரும்பினால், சிறு திருகாணிச் சாவியின் நுனியால் அந்த வயரை மெல்ல நீட்டிப் பார்க்கலாம். நல்ல வயர் நீளாது. உள்ளே அறுந்தது, உறை மட்டும் ரப்பர்போல் இழுபடும்; அறுந்த இடத்தில் இடுப்பொடிந்ததுபோல் மெலிந்து தெரியும். மாற்றும்போது வீட்டு வயரிங்குக்கு வரும் தடித்த ஒற்றைக்கம்பி வயரைப் போடக் கூடாது. பல மெல்லிய நூல்கள் சேர்ந்த, வளைந்து கொடுக்கும் வயரே வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் அதே இடத்தில் முறியும்.

குறையுள்ள கொயில் சூடேறி முப்பது நாற்பது நிமிடத்தில் கைவிட்டு, ஆறியபின் மீண்டும் வேலை செய்யும். கார் நின்றதும் கொயிலைத் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடியாத சூடென்றால் நல்ல கொயில் ஒன்றை வயரால் இணைத்து ஓடிப் பார்க்கலாம். இணைக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஏ40, மொறிஸ் மைனர் இரண்டும் பற்றறியின் கூட்டல் முனையை உடலில் இணைத்து வந்தவை. காரில் அந்த அமைப்பு மாறாமல் இருந்தால், இன்றைய கொயிலின் கூட்டல் முனை டிஸ்ரிபியூற்றருக்கும் கழித்தல் முனை சுவிற்சுக்கும் போக வேண்டும். மாற்றிப் பூட்டினாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பொறி மெலிந்து, சுமையில் விக்கும்.

பெற்றோல் வரும் வழி

குடாநாட்டுக் கார்களின் பெற்றோல் வழியைப் பார்ப்பவர் அவற்றின் வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் இங்கே பெற்றோல் வருவது தடைப்பட்டது. மட்டுப்படுத்தி வந்த மண்ணெண்ணெயில்தான் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது என்பதால், சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த ஆண்டுகளில் இந்தக் கார்களை ஓடவைத்திருந்த மெக்கானிக்குகளின் கைத்திறன் மதிப்புக்குரியது. ஆனால் அப்போது செய்த மாற்றங்கள் சில கார்களில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. மண்ணெண்ணெயில் எஞ்சின் எளிதில் தட்டும் என்பதால் பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்திருந்தால், இன்றைய 92 ஒக்ரேன் பெற்றோலில் அந்த எஞ்சின் சோம்பலாகவே எழும்பும். நேரத்தைக் கைநூலில் உள்ளபடி திருப்பிவைத்தாலே சில கார்களின் தயக்கம் தீர்ந்துவிடும்.

2022 எரிபொருள் தட்டுப்பாடும் தன் பங்கைச் செய்தது. பெற்றோலின்றி மாதக்கணக்கில் நின்ற கார்களின் பாதி வெறுமையான தாங்கிகளுக்குள் ஈரம் வியர்த்துத் துருவேறும். கான்களில் சேமித்த பெற்றோலோடு தூசியும் தண்ணீரும் தாங்கிக்குள் போகும். முதல் இரவுப் போத்தல் இவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

தாங்கி மூடியில் காற்றுப் போகும் சிறு துளை ஒன்று உண்டு. செம்மண் தூசியால் அது அடைபட்டால், அல்லது துளையில்லாத வேறு மூடி போட்டிருந்தால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெறுமை உண்டாகிப் பம்பை எதிர்த்து இழுக்கும். சில கிலோமீற்றர் நன்றாக ஓடி, பிறகு திணறி, நிறுத்திச் சற்று நேரம் கழித்து எடுத்தால் ஓடும். திணறும்போதே நிறுத்தி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போவது கேட்கும். செலவில்லாத சோதனை என்பதால் பெற்றோல் பக்கத்தில் இதையே முதலில் செய்ய வேண்டும்.

ஏ40இன் பம்ப் எஞ்சினோடு பூட்டி, எஞ்சினாலேயே இயங்குவது. எஞ்சின் மிஞ்சிச் சூடானால் பம்புக்குள்ளும் குழாயிலும் பெற்றோல் ஆவியாகிக் குமிழி அடைக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் கார் ஓடினால் காரணம் இதுதான். துணி தற்காலிக உதவி. சூட்டின் மூலத்தைத் தேட வேண்டும். குடாநாடு சுண்ணக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் வன்மையானது. கேத்தலில் படியும் அதே வெண்சுண்ணாம்பு ரேடியேற்றரின் குழாய்களிலும் படிந்து சூட்டை வெளியேற விடாது. ரேடியேற்றரைச் சுத்தம் செய்து, கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் விட்டால், கோடை மதியத்தில் மட்டும் வரும் விக்கல் பெரும்பாலும் நின்றுவிடும்.

மொறிஸ் மைனரில் எஸ்.யூ. மின்பம்ப். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று சில முறை அடித்து ஓய வேண்டும். ஓயாமல் வேகமாக அடித்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது குழாயில் காற்று நுழைகிறது. அடிக்காமலே நின்று, மெல்லத் தட்டியதும் அடித்தால் உள்ளிருக்கும் தொடுமுனை தேய்ந்துவிட்டது.

எஸ்.யூ. காபரேற்றரில் மிதித்ததும் வரும் விக்கலுக்கு, மேலேயுள்ள மூடியைத் திறந்து எண்ணெயை முதலில் பார்க்க வேண்டும். அதற்குள் மெல்லிய எஞ்சின் எண்ணெய் இல்லாவிட்டால் பிஸ்ரன் மிதித்த கணமே மேலே பாய்ந்து, கலவை காற்றாகப் போய்விடும். பிஸ்ரனை விரலால் தூக்கிவிட்டால் 'டொக்' என்று விழ வேண்டும். விழாமல் சிக்கினால் தூசியைத் துடைக்க வேண்டும். செனித் காபரேற்றரில் ஜெற்களைக் கழற்றிக் காற்றால் ஊத வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெருத்து, ஜெற் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

காபரேற்றருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையிலான காஸ்கற் காற்று இழுத்தாலும் தயக்கம் வரும். எஞ்சின் மெல்ல ஓடும்போது இணைப்பின் விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினால், கசியும் இடத்தில் ஓட்டச் சத்தம் மாறும்.

புதிய கார்கள்

அல்ற்றோ, வகன் ஆர், விற்ஸ் போன்ற கார்களில் காபரேற்றரும் பொயின்றும் இல்லை, விக்கல் உண்டு. ஸ்கானரில் பதிந்துள்ள குறியீட்டை அழிக்குமுன் எழுதிவைக்க வேண்டும். பி0301 முதலாம் சிலிண்டர் பற்றாததைக் குறிக்கும். அதன் கொயிலை மூன்றாம் சிலிண்டரின் கொயிலோடு மாற்றிப் பூட்டி ஓடியபின் குறியீடு பி0303 ஆனால் கொயிலே குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்ரர் என்று போக வேண்டும். பி0171 என்றால் பெற்றோல் குறைவு அல்லது திருட்டுத்தனமாக நுழையும் காற்று. குறியீடு எதுவுமில்லாமல் மிதித்ததும் தயங்கினால், கரிபடிந்த திரொட்டில் வாயையும் தூசி படிந்த காற்றளவுச் சென்சரையும் உரிய திரவத்தால் சுத்தம் செய்து பார்க்கலாம். சிவிரி கியர்பெட்டியின் நடுக்கத்தை எஞ்சின் விக்கல் என்று எண்ணிப் பிளக் மாற்றுவோரும் உண்டு. கியரை நடுநிலைக்கு எடுத்து மிதிக்கும்போது எஞ்சின் தடுமாறாமல் ஏறினால், பார்க்க வேண்டிய அடுத்த இடம் கியர்பெட்டி.

திருத்தியதைச் சோதித்தல்

மதியச் சூட்டில் வந்த குறையை மாலைக் குளிரில் ஓட்டிப் பார்த்துத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கொப்பியில் எழுதிய அதே நேரம், அதே றோட்டு, அதே சுமை, தாங்கியில் அதே அளவு பெற்றோல் என்று குறை வந்த நிலையை மீண்டும் உண்டாக்கி ஓட வேண்டும். முன்பு பதினைந்து கிலோமீற்றரில் வந்ததென்றால் குறைந்தது முப்பது கிலோமீற்றர் ஓடட்டும். கழற்றிய சாமானை எறியாமல், பெயரும் திகதியும் எழுதிய கடதாசியைச் சுற்றிக் காரின் பின்பெட்டியில் இரண்டு கிழமை வைத்திருக்க வேண்டும். குறை திரும்பிவந்தால், பழைய சாமானை மீண்டும் பூட்டிவிட்டுக் கொப்பியின் அடுத்த வரியிலிருந்து தொடங்கலாம்.